பெயர் சொல்லாத ஜெபம்

இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு கால் மட்டும் குட்டை. அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும், நானே செய்து தருகிறேன். வேண்டாமென்றால் சரி, நின்றுகொண்டே பேசுகிறேன். எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. ஆராதனையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால்கூட எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வருவேன். "வெளியேர்ந்து காத்து வந்தா சாத்தலாம். போதகர் வாயிலேர்ந்து வர்ற காத்துக்கு எதுக்குக்கா ஜன்னலைச் சாத்துறீங்க?" என்று எங்கள் வேன் ஓட்டுநர் கேலி செய்வார்.

அந்த மெக்கானிக் இந்த ஸ்டேஷனில் உங்களிடம், "சர்ச் அக்கா சொல்லித்தான் போனேன்" என்று சொல்லியிருக்கிறான். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று அவன் வழிமறித்துக் கேட்டபோதெல்லாம் விலகிப் போயிருக்கிறேன். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார் போதகர். பாவம், சட்டென்று பயந்துவிடுகிற மனிதர். அவள் செத்துப்போனதில் அவரைவிட எனக்குத்தான் வருத்தம் அதிகம். சவப்பெட்டியில் அவளுக்கு உடுத்திய துணி நான் தேடி எடுத்தது. கழுத்துவரை மூடுகிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் கிடங்கில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

கிடங்கு என்றால் ஆலயத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. இல்லாதப்பட்ட குடும்பங்களுக்குத் துணி, போர்வை, பால் பவுடர், சோப்பு, பழைய பாத்திரம் எல்லாம் அங்கிருந்துதான் போகும். பொறுப்பு முழுக்க என்னுடையது. கிழிந்த பனியனைக் கொடுத்துவிட்டு ஆசீர்வாதம் எதிர்பார்க்கிறவர்கள் உண்டு, ஒற்றைச் செருப்பைக் கொடுத்தவர்களும் உண்டு. அதையெல்லாம் தரம் பிரித்து, தைக்க வேண்டியதைத் தைத்து, யார் வீட்டில் எந்த வயதில் பிள்ளை என்று மனதில் வைத்துக் கட்டிக் கொடுப்பேன். என் கணவர் போன பிறகு எனக்கு அந்த அறைதான் வீடு. பிள்ளை குட்டி இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு ஓடியிருப்பேனா என்று தெரியவில்லை.

புதன்கிழமை மாலை கொடுக்கும் நாள். குடும்பங்கள் வந்து உட்காரும், பாடுவோம், போதகர் ஒரு வசனம் வாசிப்பார், பிறகு ஜெபம். ஜெபம் முடிந்தால்தான் பொட்டலம். ஜெபத்தை நடத்துவது நான். எந்தெந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்குத்தானே தெரியும். போதகர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். கஷ்டத்தைச் சொல்லலாம், ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது. நான் அதை ஒருநாளும் மீறியதில்லை.

என் ஜெபத்துக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தன் பலவீனத்தை ஒளித்து வைத்திருக்கிற சகோதரனுக்காக" என்று ஒருமுறை வேண்டினேன். பெயின்டரின் மனைவி ஆமென் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை, பாட்டிலைத் தேட ஓடிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். இன்னொரு முறை, பேருந்து நிறுத்தத்தில் வழி தவறிக்கொண்டிருந்த ஒரு இளம் சகோதரிக்காக வேண்டினேன். முடிதிருத்துபவர் தன் மகளை அந்த வாரமே படிப்பை நிறுத்தி எங்கேயோ உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பெண் போகும்போது என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. நல்லது செய்தால் அப்படித்தான்.

மெக்கானிக்கின் மனைவி, அந்தத் தையல்காரி, ஒரு மழைநாள் காலையில் வந்தாள். ஒரு காது கிழிந்திருந்தது. முந்தானைக்குள் பெண் குழந்தை. "எங்க போனாலும் தேடி வந்து கொல்லுவேன்னு சொல்லியிருக்கான்கா. சொன்னா செய்யற ஆளு" என்றாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சலவைக் கடை இருக்கிறது, அதன் மாடியில் அறை பிடித்துக் கொடுத்தேன். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்க இரும்புப் படி வழியாகப் போய்வரச் சொன்னேன். இடம் எனக்கும் வேன் ஓட்டுநருக்கும் மட்டும்தான் தெரியும். போதகரிடம்கூட நான் சொல்லவில்லை. என் வாய் அவ்வளவு கட்டுப்பாடானது.

அவள் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். குழந்தை மிஷினருகே வந்து கை வைக்கிறது என்று நான் அதைக் கிடங்குக்குத் தூக்கி வந்துவிடுவேன். துணிக்கூடைக்குள் உட்காரும். பெரியவர்கள் செருப்பில் காலை விட்டுக்கொண்டு அறை முழுக்க டக்டக்கென்று நடக்கும். பெரியம்மா என்றுதான் முதலில் கூப்பிட்டது. பிறகு பெரிய என்பது போய் அம்மா மட்டும் நின்றது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஒருநாள் தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா உங்கள அம்மான்னு கூப்பிடறா. கொஞ்சம் சொல்லித் திருத்துங்க."

"கொழந்ததானே, விடு."

"இல்லக்கா. அவளுக்கு நான் ஒருத்தி. எனக்கு அவ ஒருத்தி. அதுல குழப்பம் வேணாம்."

தன்மையாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், பொறாமையும் வந்தது. அவள் மேல் போட்டிருந்த உடை, படுத்த பாய், குழந்தை குடித்த பால் எல்லாம் என் கையால் போனது. நான் எதையும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை.

அடுத்து அவளுக்கு வேலை கிடைத்தது. வெளியூரில் சீருடை தைக்கிற பெரிய கம்பெனி, தங்க இடமும் கொடுக்கிறார்களாம். சனிக்கிழமை கிளம்புகிறாள். போர்வைகளைத் துவைத்து, பாத்திரத்தைத் தேய்த்து, அடுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "வேற யாருக்காச்சும் உதவும்கா. இனிமே எங்களால உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நான் பார்த்தே இராத முகம். படியிறங்கும்போது, "அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் நிக்க மாட்டேங்குதுக்கா. சனிக்கிழம வரைக்கும்தான், யாரையாவது அனுப்பறீங்களா?" என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்றேன்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுக்கிய துணியையே கலைத்து மறுபடி அடுக்கினேன். பேருந்து நிலையத்துக்குப் போய் வெளியூர் வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்தேன், வீட்டுக்கு வந்தேன், மறுபடி போய்ப் பார்த்தேன். நன்கொடையாக வந்த ஒரு குட்டிக் கட்டில் கிடங்கில் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளை அடித்தேன், பிடிக்காமல் சுரண்டிவிட்டு நீலம் அடித்தேன். கைக்கு வேலை கொடுத்தால் மனம் அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை. சாப்பாட்டை வாயில் வைத்தால் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. இதையெல்லாம் நீங்கள் எழுதத் தேவையில்லை. ஆனால் ஒருத்தி ராப்பகலாக இப்படி அலைந்திருந்தால், ஆண்டவரிடம்தானே போய் முறையிடுவாள்? நானும் அதைத்தான் செய்தேன்.

மெக்கானிக் அப்போது சில வாரமாகப் புதன் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுவான். காணாமற்போன ஆடு திரும்பிவிட்டது என்று போதகருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கட்டிப் பிடித்துக்கொள்வார். எனக்கு அந்த அழுகையில் நம்பிக்கை இல்லை. அழுது முடித்த கையோடு அவன் கண் பெண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாகத் தேடிக்கொண்டு போகும். நான் முன்னால் நிற்பவள். எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஈ பறக்க முடியாது.

அந்தப் புதன்கிழமை நான் ஜெபித்ததை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "ஆண்டவரே, அழுக்குத் துணிகள் வெளுக்கப்படுகிற ஒரு கூரையின் மேல் தஞ்சமடைந்திருக்கும் உம்முடைய மகளை நினைத்தருளும். ஓயாமல் வண்டிகள் வந்து போகிற இடத்தின் பின்னால் அவள் தனியே இருக்கிறாள். சனிக்கிழமை அவள் புறப்படும் பயணத்தை ஆசீர்வதியும். அவள் ஏறி இறங்கும் பின்படிகளைக் காத்தருளும். தாழ்ப்பாள் நிற்காத அந்தக் கதவுக்கு நீரே தாழ்ப்பாளாக இரும்."

பெயர் சொல்லவில்லை. கவனியுங்கள், காக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

ஜெபத்தில் எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள். போதகர் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். நான் திறந்திருந்தேன். கடைசி பெஞ்சில் அவன் தலை மெதுவாக நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசியதில்லை என்று சொன்னேனே, அது உண்மை. அவன் எழுந்தான். கதவு கிரீச்சிடும் என்பதால் நான் குரலை உயர்த்தினேன்.

பிறகு ஜெபத்தை நீட்டினேன். ஆமென் சொன்னால் எல்லோரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். நோயாளிகளுக்காக வேண்டினேன், மழைக்காக, நாட்டை ஆள்கிறவர்களுக்காக, கடலில் பயணம் செய்கிறவர்களுக்காக. எங்கள் ஊரில் கடலே கிடையாது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தூங்கிவிட்டார்.

பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேன் ஓட்டுநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, என்ன ஜெபம் பண்ணீங்க? அந்த ஆளு பின்னாடி உக்காந்திருந்தானேக்கா. இப்ப இல்ல."

"கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்றவளுக்கு யாரு உக்காந்திருக்கா, யாரு போனான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சாவியக் கொடுங்க. சீக்கிரம்."

வேன் சாவி என் கைப்பையில் இருந்தது. தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. என் பையில் எப்போதும் சாமான் அதிகம், ஊசி நூல், மாத்திரை, மடித்த பைகள், குழந்தைக்கு மிட்டாய். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துத்தான் தேட முடிந்தது. அவர் பாதியிலேயே என் முகத்தைப் பார்த்தார், சாவிக்குக் காத்திருக்காமல் தெருவில் இறங்கி ஓடினார். நல்ல மனிதர். முழங்கால் வலிக்காரர், ஓடியிருக்க வேண்டாம். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று உங்களுக்கே சொல்லியிருப்பார்.

குழந்தை ஏன் அந்த அறையில் இல்லை என்று கேட்கிறீர்கள். கிடங்கில் இருந்தது, கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நான் மதியமே போய் அழைத்து வந்துவிட்டேன். பயணத்துக்கு நல்லதாக ஒரு ஜோடி செருப்பு அளவு பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் சந்தேகப்படவில்லை. தலைவாரி, முகம் துடைத்து அனுப்பினாள். படியின் மேல் நின்று, "இருட்டறதுக்குள்ள கொண்டு விட்டுடுங்கக்கா" என்றாள். தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி கேட்டாள். நாளைக்கு ஆள் வரும் என்றேன்.

ஆமாம், பயமாக இருந்தது. அவன் ஆத்திரத்தில் குழந்தையையும் ஏதாவது செய்துவிடுவானோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். எப்போதிருந்து என்று கேட்டால், மதியத்திலிருந்தே. அதனால்தான் அழைத்து வந்தேன். நான் யோசிக்காமல் இருந்திருந்தால் இன்று அந்தப் பிள்ளை உயிரோடு இருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் அதைச் சொல்வதில்லை.

எழுதி முடித்ததும் காட்டுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். குழந்தையை இங்கே எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள்? புது ஆட்கள் கொடுத்தால் அது சாப்பிடாது. அம்மா இல்லை, அப்பா உள்ளே இருக்கிறான், ஏனென்று கேட்க ஒரு நாதி கிடையாது. இப்படி யாருமில்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்காகத்தானே நாங்கள் இருக்கிறோம்.