கரண்ட் போன புது வீடு

ஜெர்மன் நேரம் காலை எட்டு பன்னிரண்டுக்கு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் என் எதிரே இருந்த தமிழ்த் தம்பதிக்கு உடனே மகளிடமிருந்து அழைப்பு வந்தது; மனைவி தன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள். ஊரில் அவர்கள் கட்டிய புது வீட்டுக்குள் அவள் தனியே அகப்பட்டிருந்தாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் இங்கிருந்து அனுப்பிய மின்சார ஷட்டர்கள். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"அப்பா, சரியான வெக்கை. மூச்சு முட்டுது."

"ஜெனரேற்றரைப் போடு, பிள்ளை."

"அது வெளியிலை நிக்குது, அப்பா."

மனைவி அவரைப் பார்த்தாள். "ஊர் வெயிலுக்கை ஜெர்மன் வீடு!"

"கள்ளனுக்குப் பயந்துதானேயப்பா போட்டனான்."

"கள்ளன் வரேல்லை. பிள்ளைக்குத்தான் வெளியிலை வர ஏலாது. வீடு கட்டின மேசன் அண்ணைக்கு போன் எடுங்கோ."

"ஷட்டர் வேண்டாமெண்டு சொன்ன மனுசனோடை சண்டை பிடிச்சனான். என்னெண்டு கேக்கிறது?"

"வெக்கத்தைப் பிறகு படுங்கோ. இப்ப எடுங்கோ."

எடுத்தார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது, நான் எழும்பவில்லை.

இருபது நிமிடத்தில், மகளின் கைபேசி வழியாக அலவாங்குக் கடப்பாரையால் ஷட்டர் இரும்பை நெம்பும் சத்தம் கேட்டது. மனைவி கைபேசியைக் கும்பிட்டாள். நானும் மனதுக்குள் கும்பிட்டேன். பிறகு மேசனின் குரல் வந்தது:

"தம்பி, பிள்ளை வெளியிலை முத்தத்திலை நிண்டு தண்ணி குடிக்கிறா. அழாதேங்கோ. உங்கடை ஜெர்மன் கதவுதான் செத்துப்போச்சு."