செருப்பைக் கேட்ட பெண்

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் நல்ல மீன் வேண்டுமென்றால் ஆராதனைக்கு முன்பே போய்விட வேண்டும். அன்று எனக்கு வஞ்சிரம் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டபடி மற்றதையும் வரிசையாக எழுதுகிறேன்.

என் வீட்டு மாடியில் குடியிருந்த ஜெர்சன் கவிஞன். அது அவனே சொல்லிக்கொண்டது. நாலு வரி எழுதிவிட்டு முக்கால் பக்கத்தை வெறுமையாக விடுகிற ஜாதி. பழைய கிரேக்கப் பாட்டு ஒன்றைத் தன் கற்பனைப்படி தமிழில் ஆக்கியிருந்தான். வேதாகமத்துக்காகக் கிரேக்கம் கற்றவன் நான் என்பதால் பார்க்கக் கொடுத்தான்.

கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுகிற பாட்டு. இவன் கடலை எடுத்துவிட்டுக் குரோம்பேட்டைத் தண்டவாளத்தைப் போட்டிருந்தான். அதைக்கூட மன்னித்தேன். ஆனால் அவள் ரயிலைப் பார்த்து, ‘உடம்பை நீயே வைத்துக்கொள், செருப்பை மட்டும் கொடு’ என்கிறாள்.

“இது உன் சரக்கு. எடுத்துவிடு” என்றேன்.

“சார், உங்களுக்குத் தெரிஞ்சது பைபிள் கிரேக்கம். இந்தப் பாட்டு அதுக்கும் முன்னாடி பொறந்தது” என்று சிரித்தான். “ஒரிஜினல் தரேன், படிச்சுப் பாருங்களேன்.”

தேவையில்லை என்றேன். துக்கத்தில் ஒரு குடும்பப் பெண் என்ன கேட்பாள் என்பது எனக்குத் தெரியாதா?

“முன்னுரையில உங்க பேரு போட்டாச்சு சார். கிரேக்கம் சரிபார்த்தவர் ஏசுதாசன்னு. நாளைக்குப் பிரஸ்ஸுக்குப் போவுது.”

“என் பெயரை எடு.”

“எடுத்தா என்னை எவன் சார் நம்புவான்?”

பத்திரிகைகளின் பிழைகளைத் திருத்திக் கடிதம் எழுதுகிறவன் நான். என் பெயருக்குக் கீழே செருப்பு வரக் கூடாது.

இறால் அவனுக்கு ஆகாது, மூச்சு அடைத்துவிடும். குடிவந்த அன்றே சொல்லியிருந்தான். காய்ந்த இறாலைப் பொடித்து மீன் குழம்பில் கலந்து ஒரு கிண்ணம் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கோவம் போச்சா சார்?” என்று வாங்கிக்கொண்டான். வஞ்சிர வாசனையில் இறால் தெரியாது.

சற்று நேரத்தில் இறங்கி வந்து என் கதவைத் தட்டினான். நான் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதை முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, உறையை ஒட்டிவிட்டுத் திறந்தேன். அதற்குள் தட்டுவது நின்றிருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகவில்லை.

நேற்று அவன் அக்கா எப்சி ஸ்டேஷனுக்கு வந்து மூலத்தை என் முன்னால் வைத்தாள். “இப்பவாவது படிங்க சார்” என்றாள். தட்டுத் தடுமாறிப் படித்தேன். அவள் கடலிடம் செருப்பைத்தான் கேட்கிறாள்.

ஆக, தவறு அந்தக் கிரேக்கனிடமே ஆரம்பித்திருக்கிறது. அவன் செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், அவன் விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.