சாமன் பிடிக்கிற மருமகன்

மயிலிட்டி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கனடாவில் இருந்து வந்தவர் சிநேகிதனுக்குச் சொன்னார்:

“ஏரியிலை படகோட்டிச் சாமன் மீன் பிடிக்கிறனான் எண்டு மாமாவுக்குப் புளுகிப்போட்டன், மச்சான். இண்டைக்குத் தன்ரை வள்ளத்திலை கடலுக்கு வரட்டாம்.”

“சாமன் ரின்னிலை அடைச்செல்லோ வாறது? அதுக்கேன் படகு?”

“பகிடி விடாதை. படகுக்குப் பின்னாலை தூண்டிலை இழுத்துக்கொண்டு போறது.”

“என்ன பிடிச்சனீ?”

“பக்கத்துப் படகின்ரை தூண்டிலை. பெரிய மீன் எண்டு நானும் இழுத்தன், அவனும் இழுத்தான்.”

“நீந்துவியோ?”

“கீரிமலைக் கேணியிலையே படியிலை இருந்துதான் குளிச்சனான்.”

நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மயிலிட்டித் தரிப்பில் மாமனார் காத்து நின்றார்.

“தம்பி, கடல் கொஞ்சம் குழப்பம். உங்களுக்குப் பழக்கம்தானே?”

“ஓம் மாமா.”

பஸ் நின்ற பிறகும் நான்தான் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.