வட்டத்துக்குள் பாசி

— கீழ போலாம் வா, அக்கா. எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்.

— முதல்ல மூச்சு வாங்கிக்கோ. நாப்பத்திரண்டு படியும் ஓடியேவா வந்தே?

— கதவு திறந்து கிடக்கு. கட்டில்ல நீ இல்ல. வாக்கர் மட்டும் படிக்கட்டுக்குக் கீழ அநாதை மாதிரி நிக்குது. ஓடாம என்ன பண்ணுவேன்? உயிரே போயிடுச்சு, தெரியுமா?

— உக்காரு.

— இந்த மொட்டை மாடியில எங்க உக்கார்றது?

— அதானே. முன்னாடின்னா ரோஜாத் தொட்டிக்கும் கத்தரித் தொட்டிக்கும் நடுவுல ஒடுங்கி உக்காரணும். இப்போ காலை நீட்டியே உக்காரலாம். இடத்துக்கு என்ன பஞ்சம்?

— அக்கா...

— நேத்து ராத்திரி சாப்பிடறப்போ தக்காளியைக் கடிச்சுட்டு என்ன சொன்னே?

— ஞாபகம் இல்ல.

— ‘கடைத் தக்காளியில இந்த ருசி வருமா, மாடித் தக்காளின்னா மாடித் தக்காளிதான்’னு சொன்னே. மல்லிகை மொட்டு விட ஆரம்பிச்சிடுச்சுன்னும் சொன்னே. எங்க இருக்கு அந்த மல்லிகை? காட்டு. இந்தக் கட்டடத்துல உனக்கு வாயாடின்னு பேர் வச்சதே நான்தான். ஏதாவது பேசு.

— வெயில்ல போயிடுச்சுக்கா. போன வருஷ வெயில்ல. நீ விழுந்து காலை உடைச்சுக்கிட்ட புதுசு. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, வீடுன்னு நாயா ஓடிட்டு இருந்தேன். ஒரு வாரம் தண்ணி ஊத்தல, அவ்வளவுதான், எல்லாம் கருகிடுச்சு. உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல.

— எல்லாமேவா?

— எல்லாமே.

— முப்பத்தெட்டுத் தொட்டியும்?

— சத்தியமா.

— செடி செத்துச்சு, சரி. தொட்டி எப்படிச் சாகும்? இங்க வா. இந்த வட்டத்தைப் பாரு. என்னால குனிய முடியாது, நீ குனி. என்ன தெரியுது?

— வெள்ளையா ஒரு கோடு. தொட்டி இருந்த அடையாளம்.

— தண்ணி வழிஞ்சு வழிஞ்சு படிஞ்ச உப்பு அது. வட்டத்துக்கு வெளிய கருப்பா இருக்கே, அது?

— பாசி. காய்ஞ்சு போன பாசி.

— வட்டத்துக்கு உள்ள?

— உள்ளயும்... பாசிதான்.

— தொட்டி நிக்கிற இடத்துல பாசி பிடிக்காது. மழைக்காலத்துல தொட்டி இங்க இருந்திருந்தா, உள்ள மட்டும் சுத்தமா இருந்திருக்கும். அப்போ, முதல் மழைக்கு முன்னாடியே தூக்கியாச்சு. இருபத்தெட்டு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவகிட்ட இதை மறைக்கலாம்னு நினைச்சியா?

— உன் கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது.

— மாசக்கணக்கா தப்பியிருக்கே. மழையில என்ன சொன்னே? ‘தொட்டியில தண்ணி தேங்குதுக்கா, ஒவ்வொண்ணுக்கும் அடியில ரெண்டு செங்கல் வச்சிட்டேன்’னு. எழுபத்தாறு செங்கல். இந்தப் பொண்ணு எப்படிச் சுமந்தாளோன்னு உன் கையைப் பிடிச்சு விரிச்சுப் பார்த்தேன். கொப்புளம் இருக்கான்னு.

— ஞாபகம் இருக்கு.

— அப்புறம் செம்பருத்தியில மாவுப்பூச்சி.

— எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னே சொன்னா நீ சந்தேகப்படுவே. அதான் நடுவுல ஒரு பூச்சி...

— இல்லாத செடிக்கு ஒரு பூச்சி. அந்தப் பூச்சிக்காக நான் ரெண்டு நாள் தூங்கல. சோப்புத் தண்ணி எவ்வளவு கலக்கணும்னு எழுதிக் கொடுத்தேன். மூணு நாள் தெளிச்சுட்டு வந்து, போயிடுச்சுன்னு சொன்னே. உன் கையில சோப்பு வாசனை கூட இருந்துச்சு.

— கை கழுவிட்டு வந்தேன்.

— கெட்டிக்காரி.

— திட்டணும்னா திட்டிடுக்கா. இப்படி மெதுவா பேசாத. பயமா இருக்கு.

— காய் எல்லாம் எங்க வாங்கினே?

— மருந்துக்கடைக்கு எதிர்ல ஒருத்தர் வண்டியில விப்பாரு. கோணலா, சின்னதாப் பார்த்துப் பொறுக்குவேன். மண்ணுல கொஞ்சம் புரட்டி எடுத்துட்டு வருவேன். ‘ஓட்டை விழுந்த கத்தரிக்காயைக் கேட்டு வாங்கற ஒரே ஆளு நீதாம்மா’ன்னு சிரிப்பாரு.

— புழு இருந்ததைப் பார்த்து, மருந்தடிக்காத நம்ம காய்னு நான் பெருமைப்பட்டேன். கீழ்வீட்டுக்காரருக்குக் கூட கொடுத்து அனுப்பினேன். அவரும் ‘உங்க மாடிக் கத்தரிக்காய் பிரமாதம்’னு சொன்னாரு.

— நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— ஓ. அப்போ கட்டடத்துக்கே தெரியும். தினமும் சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணி தூக்கிட்டு வந்தியே, அதை என்ன பண்ணினே?

— அந்தா, தண்ணி போற ஓட்டை இருக்குல்ல, அதுல ஊத்திடுவேன். கதவுக்கிட்டயே ஒரு கால் மணி நேரம் நிப்பேன். சில நாள் அழுவேன். அப்புறம் முகத்தைத் துடைச்சுட்டு, இன்னிக்கு உன்கிட்ட எந்தச் செடியைப் பத்திச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே இறங்குவேன்.

— தண்ணி டாங்கிப் பக்கமெல்லாம் போக மாட்டே?

— அங்க என்ன இருக்கு, போறதுக்கு?

— சரி.

— உனக்குச் சந்தேகமே வரலியாக்கா? ஒரு தடவை கூட?

— போன்ல மாடியோட போட்டோ ஒண்ணு காட்டினே. அதுல நாம தண்ணி ஊத்தற அந்த நீலக் குவளை இருந்துச்சு. அது உடைஞ்சு மூணு வருஷமாச்சு. அன்னிக்கே கேட்டிருக்கணும். கேட்டா நீ பதில் சொல்லிடுவியோன்னு இருந்துச்சு. திரும்பிப் படுத்துக்கிட்டேன். தொட்டி எல்லாம் எங்க போச்சு?

— ரயில்வே கேட்டுக்கிட்ட செடி விக்கற நர்சரி இருக்குல்ல, அவர் வண்டி கொண்டு வந்தாரு. கீழ்வீட்டுக்காரர், எதிர்வீட்டு டிரைவர், எல்லாரும் ஆளுக்கு ஒரு கை பிடிச்சாங்க.

— முப்பத்தெட்டுத் தொட்டி என் வாசலைத் தாண்டி இறங்கியிருக்கு. எனக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?

— நீ தூங்கிட்டு இருந்தே.

— பட்டப்பகல்லயா?

— மாத்திரை...

— டாக்டர் ஒண்ணுதானே எழுதியிருந்தாரு?

— அன்னிக்கு ரெண்டு கொடுத்தேன். ஒரே ஒரு நாள்தான்கா. பத்து வருஷமா மருந்துக்கடையில நிக்கறேன். எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாதா?

— எனக்கு எவ்வளவு தாங்கும்னு நீயே முடிவு பண்ணிட்டே.

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— யாரோ எதையோ தரையில இழுத்துட்டுப் போற மாதிரி கனவு. எழுந்ததும் உன்கிட்டதான் சொன்னேன். ‘மேல டாங்கி கழுவறாங்க’ன்னு சொல்லி என் தலையைத் தடவிக் கொடுத்தே.

— அக்கா, போதும்.

— எலுமிச்சை டிரம்மு? மண்ணோட அது படியில இறங்காதே. ஏத்தறப்பவே காலி டிரம்மாத்தான் ஏத்தினோம்.

— ...

— சொல்லு.

— வெட்டிட்டோம்.

— யாரு?

— நர்சரிக்காரர்தான் ரம்பம் கொண்டு வந்தாரு. நான் கிளையைப் பிடிச்சுக்கிட்டேன்.

— நான் தின்னு துப்பின விதை அது. ஏழு வருஷம். அது காய்க்கவே காய்க்காதுன்னு நீயே கிண்டல் பண்ணுவே. நான் விழறதுக்கு முந்தின வாரம்தான் முதல் பூ விட்டுச்சு.

— தெரியும்.

— மழை முடியறப்போ, ‘முதல் பழம்’னு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டு வந்து கையில வச்சே. நான் அதை நறுக்கவே இல்ல. தலகாணிக்கிட்டயே வச்சிருந்தேன், காய்ஞ்சு கல்லாகற வரைக்கும்.

— நான்தானே தினமும் அதை எடுத்து வச்சுட்டு விரிப்பு மாத்தினேன். எடுக்கறப்பல்லாம் கை சுடும்.

— அப்பவும் சொல்லல.

— சொல்லல.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. என்ன அவசரம்? தண்ணி ஊத்த முடியலன்னா யாரையாவது ஊத்தச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து வர்ற வரைக்கும்தானே?

— ...

— எழுந்து வர்ற வரைக்கும்தானேன்னு கேட்டேன்.

— கீழ போய்ச் சொல்றேன்.

— இங்கயே சொல்லு. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

— ஆபரேஷன் முடிஞ்சப்புறம் டாக்டர் என்னை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாரு. வீட்டுக்குள்ள நாலு அடி நடந்தாலே பெரிசு, படி ஏறறதை இனி மறந்துடணும்னு சொன்னாரு.

— எப்போ?

— நீ விழுந்து பதினோராவது நாள்.

— தொட்டி எல்லாம் போனது?

— பதினாலாவது நாள்.

— மூணு நாள். பரவாயில்ல, மூணு நாள் யோசிச்சிருக்கே.

— வேற என்ன பண்ணியிருக்கணும்ங்கறே? ஒவ்வொரு செடியா சாகறதை நான் தனியா நின்னு பார்த்துட்டு, கீழ வந்து உன் முகத்துலயும் முழிக்கணுமா? நான் என்ன கல்லா? எங்கயாவது உயிரோட இருக்கட்டும்னுதான் கொடுத்தேன்.

— சரி. செடியை விடு.

— நிஜமாவா?

— விட்டுட்டேன். கால் விஷயத்துக்கு வா. தினமும் சாயங்காலம் மேலேர்ந்து வந்து, காலி பக்கெட்டை வச்சுட்டு, என் காலைத் தூக்கச் சொல்லி எண்ணுவே. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐம்பது வரைக்கும். நாப்பதுலயே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். ‘இன்னும் பத்துதான்கா, மல்லிகை உனக்காகக் காத்துட்டு இருக்கு’ன்னு சொல்லுவே. அந்தக் கால் படி ஏறாதுன்னு உனக்குத் தெரியும். மேல மல்லிகை இல்லன்னும் தெரியும். அப்புறம் எதுக்கு எண்ணினே?

— சும்மா படுத்தே கிடந்தா நீ உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிடுவே. உனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்னு தோணுச்சு.

— எனக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கே.

— அப்படி இல்ல. உனக்காகத்தான் பண்ணினேன்.

— தெரியும். அதனாலதான் உன்னைத் திட்டக்கூட வாய் வரல.

— ஆனா, இப்போ ஏறிட்டியே. டாக்டர் வாயில மண்ணு. எப்படிக்கா ஏறினே?

— முதல்ல எல்லாம் உக்காந்து உக்காந்துதான். பின்பக்கமா. கையை ஊனி, ஒரு படிக்கு ஒரு மூச்சு.

— விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நாளைக்குக் காலையில முதல் வேலையா நர்சரிக்குப் போறேன். நம்ம மல்லிகை அங்கதான் இருக்கும். கெஞ்சியாவது திரும்ப வாங்கிட்டு வரேன். இனிமே உன்கிட்ட ஒரு பொய் சொல்ல மாட்டேன். அம்மா மேல சத்தியமா.

— நேத்து எத்தனை தக்காளி வாங்கிட்டு வந்தே?

— நாலு. ஏன் கேக்கறே?

— கூடையில எத்தனை இருந்துச்சு?

— யார் எண்ணினா?

— என் காலை மட்டும்தான் எண்ணுவியா? அஞ்சு இருந்துச்சு. உன் தட்டுல நான் நறுக்கி வச்சது அந்த அஞ்சாவது. கடிச்சதும் உனக்கு ஏதாவது தோணும்னு நினைச்சேன். முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். மாடித் தக்காளின்னா மாடித் தக்காளிதான்னு சொல்லிட்டு, கை கழுவப் போயிட்டே.

— என்னக்கா சொல்றே? அஞ்சாவது எங்கேர்ந்து வரும்?

— டாங்கிக்குப் பின்னாடி போய்ப் பாரு.

— ...

— பார்த்தியா?

— பெயின்ட் டப்பா... தக்காளிச் செடி. என் இடுப்பு உயரம் இருக்கு. குச்சி நட்டு, உன் கால் கட்டுத்துணியைக் கிழிச்சுக் கட்டியிருக்கு. ரெண்டு காய் கூட... அக்கா, இதை யாரு வச்சது?

— நீ கடையில வாங்கின தக்காளியோட விதைதான். விதை போட்டா பழம் வர எத்தனை மாசம் ஆகும்? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, தினமும் எனக்குச் சொன்னவளாச்சே.

— நாலு மாசமாவா ஏறிட்டு இருக்கே? நான் கடைக்குப் போனப்புறமா?

— இடுப்புல ஒரு பாட்டில் தண்ணியைக் கட்டிக்கிட்டு. இப்போ உக்கார வேண்டியதில்ல. நின்னே ஏறுவேன், நடுவுல மூணு தடவை நிக்கணும்.

— அப்போ இந்த நாலு மாசமும் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் காலைத் தூக்கினியா? நான் பக்கெட்டைத் தூக்கிட்டுப் போறதையும், வந்து கதை சொல்றதையும் பார்த்துக்கிட்டே இருந்தியா? ஏன்க்கா? என்ன எதிர்பார்த்து?

— ஐம்பது எண்ணி முடிச்சதும், என்னிக்காவது ஒரு சாயங்காலம், ‘வாக்கா, ஒரே ஒரு படி ஏறிப் பார்க்கலாமா’ன்னு நீ கேப்பியான்னு.