நிற்கிற பஸ் ஆடியது

மூதூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த மீன்பிடிக்காரர் திடீரென்று கத்தினார்.

"தம்பி, மெல்ல ஓட்டும்! தலை சுத்துது."

பஸ் இன்னும் புறப்படவேயில்லை. டிரைவர் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி திரும்பினாள். "தலை இடிக்குதோ?"

"ஓம். இப்பதான், சம்மட்டியால அடிச்ச மாதிரி. கடலால வந்தா தரை ஆடும்தானே."

"நீங்கள் கடலால வந்து ஒரு கிழமை, முழுசா ஏழு நாள்! எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்கு."

"பின்னேரம் பாப்பம். ஜன்னல் சீட்டை விட ஏலாது."

மண்டைக்குள் என்ன நடக்கிறதோ, இந்த மனுசனுக்கு ஜன்னல்!

"செத்தா சீட்டையும் பெட்டிக்குள்ள வைச்சு விடுறன். இறங்குங்கோ!"

அவள் தோளைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தவர், முகம் துடைக்கும் துவாயைச் சீட்டில் போட்டார். "ஆரும் இருக்கக் கூடாது. வருவன்."

ஆட்டோ அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

பஸ்ஸில் நெரிசல். மூதூர் வரை ஒருவரும் அந்தத் துவாயைத் தொடவில்லை.