கயிறு கோணலாக வந்ததைப் பற்றி

என் பெயர் லூர்துபிரகாஷ், வயது 47, தந்தை பெயர் லூர்துநாதன். மூலக்குளத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பழைய பாய்மரப் படகு வாங்க வருபவர்களுக்காக அதைக் கடலில் ஓட்டிப் பார்த்து, பாயில் எப்படிப் போகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்று ஜூலை 14 காலை 10.20 மணிக்கு நானாகவே இந்த நிலையத்துக்கு வந்து, நேற்றுக் காணாமல் போன ‘பெத்தித் மரி’ என்ற படகைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்று உதவி ஆய்வாளர் இனியவன் அவர்களிடம் சொன்னேன். அவர் உடனே தேடுபவர்களுக்குப் போன் செய்தார். அந்தப் படகைப் பற்றி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் தேடுகிறோம், அதற்கு மாறாகச் சொல்வதென்றால் அதுவும் கையெழுத்தோடு வேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். நியாயம்தான். ஆகையால் இதைச் சொல்கிறேன். அய்யா உட்காரச் சொன்னார், என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னல் ஓரம் நின்றபடி சொல்கிறேன். இங்கிருந்து வாசலில் உள்ள கொடி தெரிகிறது.

மேற்படி படகு முப்பது அடி நீளம். முன்பு அது சொல்தா கோவிந்தராசு அவர்களுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்து பென்ஷனில் வந்தவர், இப்போது உயிரோடு இல்லை. நம் துறைமுக வாயில் மணல் மூடுவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் அவர் படகு அடி தட்டி நடு வழியில் நின்றுவிடும், பின்னால் வரும் விசைப்படகுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். பாய்மரப் படகின் அடியில் கீல் என்று கனமான இரும்புப் பலகை இருக்கும். காற்று தள்ளும்போது படகு பக்கவாட்டில் சறுக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதில் ஒன்றரை அடியைக் குறைத்துவிட்டால் தட்டாது என்று மூன்று வருடத்துக்கு முன்பு யோசனை சொன்னவன் நான், அறுத்தவனும் நான். அதன் பிறகு படகு தட்டாமல் போய் வந்தது. “லூர்து கை வச்சா கச்சிதமா இருக்கும்” என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்தா எஞ்சினைப் போட்டுக்கொண்டு மாலையில் ஒரு சுற்று சுற்றி வருபவர், பாயைப் பிரித்ததே அபூர்வம். அதனால் என் கைவேலையின் லட்சணம் வெளியே தெரியவில்லை.

அதன் பிறகு, சென்ற மாதம் 8-ஆம் தேதி, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் கோபிநாத் என்பவர் அந்தப் படகை வாங்க நினைத்து, ஓட்டிப் பார்த்துச் சொல்ல என்னை அழைத்தார். கீலை அறுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, நானும் மூச்சு விடவில்லை. அவர் மனைவி சிவசங்கரியும் வந்திருந்தார். ஓட்டிப் பார்க்கும்போது இருபது அடிக் கயிறு ஒன்றைப் படகின் பின்னால் தண்ணீரில் விடுவது என் வழக்கம். படகு நேராகப் போனால் கயிறு நேர் பின்னால் வரும், சறுக்கினால் ஒரு பக்கம் சாயும். காற்று பின்னால் இருந்தவரை படகு அருமையாக ஓடியது, கோபிநாத் கைதட்டிச் சிரித்தார். அதன் பிறகு கரைப் பக்கம் திருப்பி, எதிர்க்காற்றில் ஏறிப் பார்த்தேன். கடற்கரையில் உள்ள கப்ஸ் மாதா கோயில் கோபுரத்தைக் குறி வைத்து, பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி நாற்பது நிமிடம் ஓட்டினேன். முடிவில் கோபுரம் முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. கோபிநாத் பாயைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சிவசங்கரி மட்டும் கயிற்றைப் பார்த்தபடி இருந்தார்.

“அண்ணே, கயிறு ஏன் கோணலா வருது?”

“அது நீரோட்டம்மா, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டேன்.

“நடுவுல எஞ்சின் நின்னுட்டா, பாய்ல திரும்பி வந்துடுமா?”

“தாராளமா வரும்.”

அதன் பிறகு எஞ்சினைப் போட்டுக் கரைக்கு வந்தோம்.

அன்று மாலையே ரிப்போர்ட் எழுதினேன். நான்காம் பத்தியில் ‘எதிர்க்காற்றில் நன்றாக ஏறுகிறது’ என்று எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. சறுக்குகிறது என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், கீலை அறுத்த புத்திசாலி யார் என்று கேட்பார்கள். வெட்கம்தான், வேறு காரணம் இல்லை. எஞ்சின் இருக்கிறது, கரையோரமாகத்தான் சுற்றப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ரிப்போர்ட்டை நம்பி கோபிநாத் படகை வாங்கினார்.

நேற்றுக் காலை 6 மணிக்கு கோபிநாத்தும் அவர் நண்பர் வெற்றிவேலும், கடலூர் வரை போய் மாலைக்குள் திரும்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். 11.40-க்கு கோபிநாத் மனைவிக்குப் போன் செய்து, எஞ்சின் நின்றுவிட்டது, கரையிலிருந்து ஏழு மைலில் இருக்கிறோம், பாயிலேயே வந்துவிடுவோம், லூர்து அண்ணன்தான் எழுதியே கொடுத்திருக்கிறாரே என்றாராம். அதன் பிறகு போன் கிடைக்கவில்லை. மாலையில் சிவசங்கரி என்னை அழைத்தபோதும், வந்துவிடுவார்கள் என்றுதான் சொன்னேன். அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். மேற்குக் காற்று மாறவே இல்லை. இன்று காலை, தேடும் படகுகள் கடலூருக்கும் இங்கேயும் நடுவில் கரையோரமாகப் பார்க்கின்றன என்று கேள்விப்பட்டேன். என் ரிப்போர்ட் சரியாக இருந்தால் அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

அங்கே இருக்க மாட்டார்கள். படகின் மூக்கு கரையைப் பார்த்தபடி இருக்கும், ஆனால் படகு மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல் வீதம் வெளியே போய்க்கொண்டிருக்கும். இந்த மாதத்து நீரோட்டமும் வடக்கே இழுக்கும். பிள்ளைச்சாவடிக்குக் கிழக்கே முப்பது முதல் நாற்பது மைல் தூரத்தில், அங்கிருந்து வடக்காகப் பார்க்க வேண்டும். ஒரு பகலுக்கு என்று ஆறு பாட்டில் தண்ணீர்தான் எடுத்துப் போனார்களாம்.

நான் உள்ளே வரும்போது வராந்தா பெஞ்சில் சிவசங்கரி இருந்தார். “அண்ணே, அன்னிக்குக் கயிறு கோணலா வந்துச்சே, அது நீரோட்டந்தானே?” என்று கேட்டார். அவரைத் தாண்டி நேராக இந்த அறைக்கு வந்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார் அய்யா. எனக்கு வேண்டாம். கொடி இன்னும் கிழக்கே பார்த்துத்தான் பறக்கிறது. கையெழுத்துப் போட்டதும் முதலில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். இதில் உள்ளது அத்தனையும் யார் தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்ன உண்மை. ரிப்போர்ட்டின் நான்காம் பத்தி பொய். இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான்.

(ஒப்பம்) லூர்துபிரகாஷ்
காலை 11.05 மணி