கிண்ணத்தின் அடியில் ஒரு சதுரம்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவன் கதவைச் சாத்திவிட்டு வா. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இது ராத்திரியில் நடந்த கதை இல்லை. மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில். விடுமுறை நாள் என்பதால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. ஈ காக்கை இல்லை. தெருக்கோடியில் ஒரே ஒரு பட்டறை மட்டும் திறந்திருந்தது. உள்ளே தனியாக, என் சிநேகிதனின் தாய்மாமா.

மாமாவுக்கு வெள்ளி வேலை. ஊதுகுழலை வாயில் வைத்துத் தீயை ஊதி ஒட்டினார் என்றால், ஒட்டு எங்கே என்று அவருக்கே தெரியாது. அப்படி ஒரு கை. அந்தக் கைதான் அவரைக் கெடுத்தது.

பழைய சாமான் வியாபாரி ஒருவன் ஒரு குட்டி வெள்ளி டம்ளரைக் கொண்டுவந்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் பெற்ற ஒரு வெள்ளிவேலைக்காரர் செய்தது. அடியில் அவருடைய முத்திரை. யாரோ ஒரு குழந்தை பால் குடித்த டம்ளர்... விளிம்பில் பால் பல் கடித்த தடம் அப்படியே இருந்தது. கூடவே பெரிய கிண்ணம் ஒன்று. அது போன மாதம் செய்தது.

"இந்தக் குட்டி டம்ளரை எவன் சீந்துவான்? முத்திரையை மட்டும் வெட்டி இந்தக் கிண்ணத்தோட அடியில வெச்சுடு. பெரியவர் செஞ்சதுன்னு கண்ணை மூடிட்டு வாங்கிடுவாங்க."

மாமா வெட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம். கிண்ணத்தின் அடியில் அதே அளவு ஓட்டை போட்டு, பதித்து, ஒட்டி, மெருகேற்றினார். மிச்ச டம்ளரை உருக்கிவிட்டார், அந்தப் பல் தடத்தோடு. திருட்டு வேலையைக்கூட மன்னித்துவிடுவேன். இது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்த மாதிரி ஒட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெள்ளியின் மேல் வாயால் "ஹா" என்று ஊத வேண்டும். ஆவி படிந்து மங்கும்போது, ஒட்டின இடம் கோடாகத் தெரிந்துவிடும். மாமா பத்துத் தடவை ஊதிப் பார்த்தார். கோடு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாங்குகிறவர் அனுப்பும் பரிசோதகர் வருவதாக ஏற்பாடு. கோடு தெரிந்தால் மாமாவுக்கு ஜெயில்தான். வியாபாரி கையை விரித்துவிடுவான். வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகள்.

மூன்று மணிக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தால்... அடியில் சின்னதாக ஒரு மங்கல். அதற்கு நடுவில் சதுரமாக ஒரு கோடு.

மங்கல் மறைந்தது. கோடும் மறைந்தது. வெயில் செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும்... "ஹா." ரொம்ப மெல்லிய சத்தம். மங்கல். கோடு. பட்டறையில் எப்போதும் கரியும் அமிலமும்தான் நாறும். இப்போது அடித்தது பால் வாசனை. லேசாகப் புளித்த பால்.

மாமா பெரிய தைரியசாலி எல்லாம் இல்லை. ஆனால் பேய் பயத்தைவிட ஜெயில் பயம் பெரியது, பாருங்கள். ஓடவில்லை. ஊதுகுழலை எடுத்து ஒட்டை மறுபடி உருக்கினார், தேய்த்தார். "ஹா." கோடு. துணியைப் போட்டு மூடினார். துணிக்கு உள்ளேயிருந்து "ஹா." அப்போதுதான் மேஜை விளிம்பைப் பார்த்தார். சிவப்பு மெருகுப் பொடி படிந்திருந்த இடத்தில் எட்டு விரல் தடங்கள். குட்டிக் குட்டி விரல்கள். எட்டிப் பார்ப்பதற்காக யாரோ பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி...

மணி நாலே முக்கால். மாமா துணியை உருவி எறிந்துவிட்டு, கிண்ணத்தின் அடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார்.

"இங்க தெரியக்கூடாதும்மா... இங்க மட்டும் வேண்டாம். வேற எங்க வேணா வெச்சுக்கோ."

உள்ளங்கையில் சுரீர் என்றது. வெள்ளி ஆறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் சுட்டது. அதற்கப்புறம் சத்தம் இல்லை. வாசனையும் இல்லை.

ஐந்து மணிக்கு வியாபாரியோடு பரிசோதகர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊதினார். திருப்பி வைத்து ஊதினார். நாலு தடவை. ஒன்றும் இல்லை. அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாபாரி மாமாவின் முதுகில் தட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

மாமா வீட்டுக்கு வந்தார். மகள் ஓடி வந்தாள். அப்பாவின் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"சுட்டுடுச்சாப்பா? இரு, நான் ஊதிவிடறேன்."

கையை இழுத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து... "ஹா" என்று ஊதினாள்.

சதுரமாக ஒரு கோடு தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவு. மூச்சின் சூடு ஆறினதும் மறைந்தது. அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது, மறுபடி மறுபடி ஊதியிருக்கிறாள்.

என் சிநேகிதன் அந்தக் கையைப் பார்த்திருக்கிறான். மாமா யாருக்கும் லேசில் காட்ட மாட்டார். ஊதினால், ரேகை வந்து அந்தக் கோட்டில் நிற்கிறதாம்... அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறதாம். நடுவில், சதுரத்துக்குள் இருப்பவை மாமாவின் ரேகைகள் இல்லை. மெல்லியதாக, பொடிப் பொடியாக... பால் குடிக்கிற குழந்தையின் கையில் இருக்குமே, அந்த ரேகைகள்.